புயல் எச்சரிக்கை வயலுக்கு வந்து சேரும் வழி

எந்த அலுவலகம் எதைச் சொல்லும்? விவசாயி யாரிடம் எதைக் கேட்க வேண்டும்?

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் கடலோர மாவட்ட விவசாயிகளின் கவனமெல்லாம் வானிலைச் செய்தியின் மீதே இருக்கும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுநிலை என்று முதல் செய்தி வரும். மறுநாள் அது தாழ்வு மண்டலம் ஆயிற்று என்பார்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று ஒரு செய்தி, அணையில் தண்ணீர் திறப்பு என்று ஒரு செய்தி, பள்ளிகளுக்கு விடுமுறை என்று இன்னொரு செய்தி. இவை யாவும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றையும் சொல்லும் பொறுப்பு வெவ்வேறு துறையிடம் இருக்கிறது.

எந்தச் செய்தி எங்கே புறப்பட்டு எத்தனை கை மாறி வருகிறது என்று அறிந்தவருக்கு, அறுப்பதா பொறுப்பதா என்று முடிவு செய்ய ஒரு நாளாவது கூடுதலாகக் கிடைக்கும். முற்றிய நெல்லுக்கும், தார் விட்ட வாழைக்கும், காய் சுமந்து நிற்கும் தென்னைக்கும் அந்த ஒரு நாள் பெரிய காரியம்.

தந்தியில் தொடங்கியது

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ல் தொடங்கப்பட்டது. 1864ல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866லும் 1871லும் பருவமழை பொய்த்ததுமே இதற்குக் காரணம். ஆரம்ப காலத்தில் புயல் எச்சரிக்கை துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும்தான் முக்கியமாகப் போயிற்று. விவசாயிகளுக்கென்று தனி வானிலை அறிக்கை 1945ல்தான் வானொலி வழியே ஒலிபரப்பாகத் தொடங்கியது.

எச்சரிக்கை பெற வேண்டியவர்களின் பட்டியல் ஒன்றை வானிலை அலுவலகம் வைத்திருக்கும். மாவட்டக் கலெக்டர்கள், துறைமுக அதிகாரிகள், ரயில்வே, பாசனப் பொறியாளர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். வானிலை அலுவலகம் ஊர் ஊராக வந்து சொல்வதில்லை. சொல்ல வேண்டியவரிடம் உரிய நேரத்தில் எழுத்து மூலம் சொல்லும். அவர் தமக்குக் கீழே உள்ளவருக்குச் சொல்ல வேண்டும். இதுதான் அன்று முதல் இன்று வரை உள்ள ஏற்பாடு. மாறியது செய்தியைக் கொண்டு செல்லும் கருவிதான். அன்று அவசரத் தந்தி. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாக ஆந்திர, தமிழகக் கடலோரப் பகுதிகளில் எச்சரிக்கைக் கருவிகள் வைக்கப்பட்டன. தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. இன்று மின்னஞ்சலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் அந்த வேலையைச் செய்கின்றன.

நான்கு படிகள்

புயல் எச்சரிக்கை நான்கு படிகளாக வெளியிடப்படுகிறது. முன்பு இரண்டு படிகளே இருந்தன. 1999 முதல் நான்காயின.

முதற்படி, புயலுக்கு முந்தைய கண்காணிப்பு. சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பு டில்லியிலிருந்து வானிலைத் துறையின் தலைமை இயக்குநர் பெயரில் இது வெளியாகிறது. மத்திய அமைச்சரவைச் செயலாளருக்கும், கடலோர மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களுக்கும் இது போகும். கிராமத்தில் எவரும் உடனே எதுவும் செய்ய வேண்டும் என்பது இதன் கருத்தல்ல. அரசு தன் ஆட்களையும் பொருள்களையும் திரட்டிக்கொள்ள வேண்டும் என்பதே கருத்து.

இரண்டாம் படி, புயல் உஷார். மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பு இது வர வேண்டும். தமிழகக் கடற்கரைக்கு இதைச் சென்னையில் உள்ள புயல் எச்சரிக்கை மையம் விடுக்கும். செய்தி மாவட்டக் கலெக்டரின் மேஜைக்கு வருவது இந்தப் படியில்தான்.

மூன்றாம் படி, புயல் எச்சரிக்கை. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு வர வேண்டியது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் கரையைக் கடக்கக்கூடும், காற்று எவ்வளவு வேகம், மழை எவ்வளவு என்பன இதில் இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புதிய அறிக்கை வரும்.

நான்காம் படி, கரை கடந்த பின் நிலை பற்றிய அறிக்கை. கரையைக் கடக்குமுன் சுமார் 12 மணி நேரத்தில் இது வெளியாகும். புயல் உள்நாட்டில் எந்தப் பக்கம் போகும் என்று உள் மாவட்டக் கலெக்டர்களுக்கும் இது தெரிவிக்கிறது.

இந்த நான்காம் படியை உள்நாட்டு விவசாயிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. புயல் கடற்கரைக்காரர்களின் கவலை என்று இருந்துவிடுகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களோடு நிற்கவில்லை. புதுக்கோட்டை வழியே மேற்கு நோக்கிச் சென்று திண்டுக்கல் மாவட்டம் வரை சேதம் விளைவித்தது. லட்சக்கணக்கான தென்னை மரங்கள் சாய்ந்தன. காய்க்கத் தொடங்கப் பல ஆண்டுகள் எடுக்கும் மரங்கள் ஓர் இரவில் போயின.

எழிலகத்திலிருந்து கிராமத்துக்கு

சென்னை மையத்தின் அறிக்கை மாநில அரசில் முதலில் சேரும் இடம், வருவாய் நிர்வாக ஆணையரின் கீழ் எழிலகத்தில் இயங்கும் அவசரக் கட்டுப்பாட்டு மையம். மாநிலத்தின் நிவாரணப் பணிகளுக்குப் பொறுப்பானவர் அந்த ஆணையரே. அங்கிருந்து கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், தலையாரி என்றும் செய்தி இறங்குகிறது. முன்னாளில் கர்ணமும் மணியக்காரரும் இருந்த இடத்தில், அப்பதவிகள் 1980ல் ஒழிக்கப்பட்ட பிறகு, கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார். தண்டோரா போடும் வழக்கத்தையும் நிறுத்துமாறு 2022ல் அரசு அறிவுறுத்தியது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி அந்த வேலையை ஏற்றது.

ஒரு கை மற்றொரு கைக்குக் கொடுப்பதில் அரை மணி நேரம் தாமதித்தாலும், ஆறு கை மாறும்போது மூன்று மணி நேரம் போய்விடும். அதற்குள் அடுத்த அறிக்கையே வந்துவிடும். கிராமத்தில் அறிவிக்கப்படுவது பழைய அறிக்கையாக இருக்கவும் கூடும். இதனால்தான் இடைப்பட்ட படிகளைத் தாண்டி நேராகவும் செய்தி அனுப்பும் ஏற்பாடு இப்போது செய்யப்பட்டிருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஏற்பாட்டில், ஆபத்துள்ள பகுதியில் இருக்கும் கைப்பேசிகளுக்கு அந்தந்த மொழியில் குறுஞ்செய்தி வருகிறது. எந்த அறிக்கையானாலும் அது வெளியான தேதியையும் நேரத்தையும் முதலில் பார்ப்பது நலம்.

இவ்வளவு ஏற்பாடும் பயன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒடிசா மாநிலம் நல்ல சான்று. 1999 அக்டோபர் 29ல் அங்கு வீசிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதே கடற்கரையில் 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. வானிலைக் கணிப்பு மேம்பட்டதோடு, அந்தக் கணிப்பை வாங்கிக்கொண்டவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்ததே இதற்குக் காரணம்.

யார் எதைச் சொல்வது?

வானிலைத் துறை சொல்வது காற்றையும் மழையையும் பற்றியது. ஆற்றில் வெள்ளம் எவ்வளவு உயரும் என்று சொல்வது மத்திய நீர் ஆணையத்தின் பொறுப்பு. அணையின் மதகைத் திறப்பதும், எவ்வளவு திறக்கிறோம் என்று கீழே உள்ள மாவட்டக் கலெக்டர்களுக்குத் தெரிவிப்பதும் மாநில நீர்வளத் துறையின் பொறுப்பு. மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை நெருங்கும்போது, காவிரிக் கரை மாவட்டங்களுக்கெல்லாம் வெள்ள அபாய அறிவிப்பு போவது இந்த முறையில்தான். கடல் அலை பற்றிச் சொல்வது ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம். மக்களை வெளியேறச் சொல்வதும், பள்ளிக்கு விடுமுறை விடுவதும் கலெக்டர். பயிருக்கு என்ன செய்வது என்று சொல்வது வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண்மைத் துறையும்.

ஒருவர் வேலையை மற்றவர் செய்வதில்லை. அப்படிச் செய்தால் இரண்டு அலுவலகம் இரண்டு விதமாகச் சொல்லி மக்கள் குழம்புவார்கள். ஆனால் இதனால் விவசாயிக்கு ஒரு சங்கடமும் உண்டு. தமக்கு வேண்டிய பதில் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கும். மழை குறையும் என்று வானிலை அறிக்கை சொன்னால், ஆற்றுப் படுகையில் வாழை வைத்தவர் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. மேலே உள்ள அணையின் நீர்மட்டத்தையும் வெளியேற்றும் அளவையும் விசாரிக்க வேண்டும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணைக் கரையில் நடந்தது இதை உணர்த்துகிறது. நவம்பர் 30ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் சாத்தனூர் அணை நிரம்பியது. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோரங்களில் வெள்ளம் புகுந்தது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்ததாக அரசு கூறியது. போதிய எச்சரிக்கை இல்லை என்று எதிர்க்கட்சிகள் கூறின. அந்த விவாதம் எப்படி ஆனாலும் ஒன்று தெளிவு. எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்பதும், அது நடு இரவில் வயலோர வீட்டில் உறங்குபவரின் காதில் விழுந்தது என்பதும் ஒன்றல்ல.

கூண்டு கப்பலுக்கு

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு பற்றியும் ஒரு விளக்கம் தேவை. ஒன்று முதல் 11 வரை எண் உள்ள இந்த அடையாளங்கள் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியவை. மூன்றாம் எண் ஏறியதால் வயலுக்கு ஆபத்தில்லை என்றோ, பத்தாம் எண் ஏறாததால் வாழை தப்பும் என்றோ கணக்கிடக் கூடாது.

இவற்றில் 11ம் எண்ணின் பொருள் கவனிக்கத்தக்கது. வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று, மோசமான வானிலை வரும் அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஓர் ஆபத்து அறிவிப்பாக முன்னோர் வைத்திருக்கிறார்கள். கிராமத்திலும் இதே விதிதான். மின்சாரம் போய், கைப்பேசியும் ஓய்ந்துவிட்டால், ஆபத்து நீங்கிவிட்டது என்று கொள்ளக் கூடாது.

சொற்களின் அளவு

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். மிக கனமழையில் 20 சென்டிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். பக்கத்து வயல் நீரும் வந்து சேர்ந்தால் இன்னும் அதிகம். வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை விட்டுவைத்திருப்பவர் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களும் இப்படியே. மஞ்சள் என்றால் கவனித்து வருக. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க. சிவப்பு என்றால் உடனே செயல்படுக. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்காகவே இவை முதலில் வகுக்கப்பட்டன. ஆயினும் விவசாயிக்கும் பயன்படும். சிவப்பு வரும் வரை காத்திருந்து ஆள் தேடினால் ஆள் கிடைக்காது. ஆரஞ்சிலேயே வேலையை முடித்துவிட வேண்டும்.

படிகள் தாண்டும் புயல்

எல்லாப் புயலும் நான்கு படியும் ஏறி நிதானமாக வருவதில்லை. 2017 நவம்பர் 29ல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கச் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. தமிழக, கேரள மீனவர் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். குமரி மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் பெருமளவில் சாய்ந்தன. அதன் பிறகு 2018ல் திருவனந்தபுரத்தில் தனியாக ஒரு புயல் எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. கரைக்கு அருகிலேயே உருவாகும் புயலுக்கு 72 மணி, 48 மணி என்ற கணக்கு பொருந்தாது. தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்தவுடனே பாதி வேலையைத் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

மேலே ஏறும் செய்தி

புயலுக்கு முன் செய்தி மேலிருந்து கீழே வருகிறது. புயலுக்குப் பின் அதே வழியில் கீழிருந்து மேலே போக வேண்டும். விவசாயியின் இழப்பீடு இந்த ஏற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்துச் சேதத்தைக் கணக்கெடுக்கிறார்கள். வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறையினரும் வர வேண்டும். இரண்டு துறையும் ஒரே கணக்கில் கையெழுத்திட வேண்டும். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால்தான் பேரிடர் நிவாரண நிதியில் இடம் உண்டு. 2015க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த விதிப்படி, ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். அதிகபட்சம் 2 ஹெக்டேர்.

கிராமக் கணக்குகள் தாலுகாவிலும் மாவட்டத்திலும் தொகுக்கப்பட்டு மாநில அரசுக்குப் போகும். மாநில அரசு தன் நிவாரண நிதியிலிருந்து செலவிடும். அது போதாதபோது டில்லிக்குக் கோரிக்கை மனு அனுப்பும். மத்தியக் குழு வந்து பார்த்து அறிக்கை தரும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் டில்லியில் பொறுப்பானது உள்துறை அமைச்சகம். வறட்சிக்கு வேளாண்மை அமைச்சகம். இவ்வளவு தூரம் போகும் கணக்குக்கு ஆதாரம், கிராமத்தில் உள்ள அடங்கல் பதிவேட்டின் ஒரு வரி. அந்த வரியில் நெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் தரிசு என்று இருந்தால், மேலே எந்த அலுவலகமும் அதைத் திருத்த முடியாது. குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பெயர் அதில் இல்லாவிட்டால், நஷ்டம் அவருக்கும் நிவாரணம் நிலச் சொந்தக்காரருக்கும் என்று ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை

பருவமழை வலுக்குமுன்பே அடங்கலில் தம் பயிரும் பெயரும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பாப் பயிருக்கான காப்பீட்டுத் தேதி வழக்கமாக நவம்பர் மத்தியிலேயே முடிந்துவிடுவதால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வெளியாகிறது. அடுத்த ஐந்து நாள் வானிலையும் அதற்கேற்ற பயிர் ஆலோசனையும் அதில் இருக்கும். புயல் கண்காணிப்பு அறிவிப்பு வந்தவுடன் மேலுரம் இடுவதையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்திவைக்க வேண்டும். உஷார் அறிவிப்பு வந்தவுடன் வடிகாலைத் திறந்துவிட்டு, முற்றிய நெல்லை அறுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். முக்கால் பங்கு முற்றிய வாழைத் தார்களை வெட்டிவிடலாம். மற்றவற்றுக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்து மண் அணைக்கலாம். தென்னையில் இளநீரையும் முற்றிய காய்களையும் இறக்கி, கனமான அடி மட்டைகளை வெட்டிச் சுமையைக் குறைக்கலாம். எச்சரிக்கை வந்த பிறகு மரம் ஏறுவதும், மோட்டார் கொட்டகைக்குப் போவதும் கூடாது. மாடுகளைக் கட்டுத்தறியில் கட்டிவைக்காமல் மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும்.

சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாநில மையத்தை 1070 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆற்றங்கரை விவசாயிகள் பாசனப் பிரிவு அலுவலரின் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஊரில் நான்கு இளைஞர்கள் இரவில் முறை வைத்து விழித்திருந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் அறிக்கையைக் கேட்டு வீடு வீடாகச் சொன்னால், ஆறு கை மாறிய தாமதமும் ஈடாகும்.

புயல் ஓய்ந்த பின், ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்த பிறகே வயலுக்குப் போக வேண்டும். அறுத்து வயலில் காயப் போட்டிருந்த பயிர் 14 நாட்களுக்குள் நனைந்து கெட்டால், காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து, கணக்கெடுப்புக்கு வருவோரிடம் காட்ட வேண்டும். கணக்கெடுக்க வருபவர்கள் எந்தத் துறையினர், தம் சர்வே எண்ணுக்கு எவ்வளவு சதவீதம் எழுதினார்கள் என்று அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு கிராமத்தில் இருக்கும்போது திருத்தம் செய்வது எளிது. தாலுகாவைத் தாண்டிவிட்டால் கடினம்.